அப்பாவின் நாற்பத்து மூன்றாவது மலர்

எங்கள் அப்பா பிறர் வீட்டுத் துக்கங்களுக்காகத் தயாரித்துக் கொடுத்த நினைவு மலர்கள் நாற்பத்திரண்டு. இப்போது உங்கள் கையில் இருப்பது நாற்பத்து மூன்றாவது. இதுவும் அவருடைய கணினியில், அவர் எழுதிய செயலியில் உருவானதுதான். தட்டச்சு செய்தது மட்டும் மகளாகிய நான்.

அப்பா கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். அவர் இடைநிலைப் பள்ளிக்குப் போகவேண்டிய ஆண்டில் தாத்தாவுக்குக் கால் முறிந்தது. அப்பா பள்ளிக்குப் பதிலாகப் பழம் பொறுக்கப் போனார். பதினெட்டு வயதில் லோரி உதவியாளரானார். பிறகு உரிமம் எடுத்து, கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் பெரிய லோரியைக் கடைசி வரை ஓட்டினார். அம்மாவை மணந்தபின் பண்டமாரானில் குடியேறினார். நான் ஒரே பிள்ளை.

அப்பா கணினியை முதன்முதலில் தொட்டது நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. பூச்சோங்கில் சரக்கு இறக்கப்போன கிடங்கில், பழைய கணினிகளைக் குப்பைக்கென்று வெளியே அடுக்கி வைத்திருந்தார்களாம். ஒன்றைக் கேட்டு வாங்கி, லோரியின் முன்னிருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

"டிவிதான் ஒண்ணு இருக்கே, இது எதுக்கு?"

"இது டிவி இல்ல லா. நாம சொல்றத இது கேக்கும்."

"மொதல்ல நான் சொல்றத நீங்க கேளுங்க. செருப்ப வெளிய விடுங்க."

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாக நோட்டில் பார்த்து எழுதி, அகராதியில் பொருள் தேடி, சிறு தாள்துண்டில் தமிழில் எழுதித் திரையைச் சுற்றி ஒட்டிவைத்தார். 'டிலீட்' என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மையில் "அழி, யோசி" என்று எழுதியிருந்தார். முதல் ஆண்டில் அந்தக் கணினியைப் பதினொரு முறை கழற்றி மாட்டினார். பழுதான கணினிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்தான் அதற்குப் பெயர். "ஷா ஆலாம் மூச்சுத் திணறுது, பிரிக்பீல்ட்ஸ் காத்தாடியக் கழட்டி மாட்டணும்" என்று அப்பா சொன்னால் விருந்தாளிகள் விழிப்பார்கள். லோரி, கோயில், கணினி இவை தவிர அப்பாவுக்கு வேறு நாட்டம் இருந்ததில்லை.

பெரியப்பா இறந்தபோது அவருடைய கருமக்கிரியைக்கு அப்பா தாமே ஒரு மலர் செய்தார். பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்குச் செய்த கோப்பைத் திறந்து, படத்தையும் பெயர்களையும் மாற்றி, அடுத்த குடும்பத்தின் மலராக்கிவிடுவார். அதுதான் அவர் வேலை செய்த முறை. தேநீர் தவிர யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். உரியவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் இருப்பவர் பார்வதி ஆன்டி. அவருடைய கணவரை நாங்கள் அங்கிள் என்றே அழைப்போம். அப்பாவோடு லோரி ஓட்டியவர். அங்கிள் காலமானபோது மலர் செய்யும் பொறுப்பை அப்பா ஏற்றார். வழக்கம்போல, முன்பு கிள்ளானில் ஒரு பெரியவருக்குச் செய்திருந்த கோப்பைத் திறந்தார். படம் மாறியது. பெயர் மாறியது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் எல்லாம் மாறின. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி மட்டும் மாறவில்லை. "அன்பு மனைவி: லெட்சுமி." கிள்ளான் பெரியவரின் மனைவி பெயர் அது. பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் "பாத்தாச்சா அண்ணே?" என்று கேட்டதற்கு, "பாத்தாச்சு, அடிங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

மலர் கருமக்கிரியை அன்று கூடத்தில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. எனக்குப் பதினான்கு வயது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, முன்னால் இருந்தவர்கள் பேசியது கேட்டது.

"யாரு லா இந்த லெட்சுமி?"

"ஜோகூர் லைன் ஓடுனவராச்சே. யாருக்குத் தெரியும்?"

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அங்கிளுக்கு ஜோகூரில் ஒரு வீடும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகப் பேச்சு பரவிவிட்டது.

அன்று மாலையே அப்பா மன்னிப்புக் கேட்கப் போனார். ஆன்டி கேட்டைத் திறக்கவில்லை. "இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ நானு. பேப்பர்ல வேற எவளோ பொண்டாட்டி. போங்க தம்பி, போயி உங்க கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழுங்க."

அப்பா திருத்திய பக்கத்தை அச்சடித்தார். மலர் போன வீடுகளை ஆன்டியின் மகனிடம் கேட்டு எழுதிக்கொண்டு, விடுப்பு நாள்களில் மோட்டார் சைக்கிளில் கிள்ளான், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று வீடு வீடாகப் போனார். "பேர மாத்தாம விட்டது நான். அந்த மனுஷன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று வாசலில் நின்று சொல்லி, தாளைக் கொடுத்துவிட்டு வருவார். திரும்பி வந்த ஒரு நாள் அம்மா கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"சரி சரி, நம்பிட்டோம்னாங்க."

"அப்புறம் என்ன?"

"நம்பல லா. சிரிச்சாங்க."

அதன்பிறகு இரண்டு வருடங்களுக்கு மேல் அப்பா யாருக்கும் மலர் செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "கத்துக்கிட்டு செய்றேன்" என்றார். அப்போதுதான் நிரல் எழுதப் படிக்கத் தொடங்கினார். கிள்ளான் நூலகத்திலிருந்து சிறுவர்களுக்கான புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். இணையக் காணொளிகளை வேகம் குறைத்துப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இந்தச் செயலி உருவாக இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் பழைய மலரைத் திறந்து மாற்ற வழியே கிடையாது. ஒவ்வொரு முறையும் வெறும் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். எல்லாப் பெயர்களும் ஏறியபின், ஒவ்வொரு பெயரும் உறவுமுறையோடு பெரிய எழுத்தில் தனித்தனியே திரையில் வரும். தட்டச்சு செய்தவர் அல்லாத ஒருவர் அதைச் சத்தமாக வாசித்து, வீட்டார் சரி என்றபின் 'ஆம்' என்பதை அழுத்த வேண்டும். அதுவரை அச்சுக்குப் போகாது. வாசித்தவர் பெயரைச் செயலி தானாகவே கடைசிப் பக்கத்தில் போட்டுவிடும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள் நான். மின்னியல் பொறியியல் படித்தேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அந்த நிரலைப் பார்த்து, "முந்நூறு வரி எழுதியிருக்கீங்கப்பா, நாப்பதுலயே முடிச்சிடலாம்" என்றேன்.

"நாப்பதுல எழுதுனா எனக்குப் புரியாதும்மா. ஒடைஞ்சா நாந்தானே பாக்கணும்?" என்றார்.

என் பட்டமளிப்பு விழாவில் எல்லாரும் மேடையைப் படம் எடுத்தார்கள். அப்பா பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "பேரு சரியா போட்டிருக்கானுங்க" என்றார். அவர் சொன்ன வாழ்த்து அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையில் மூன்று கணினிகளைப் போட்டு, அரசாங்க விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் தாங்களே தமிழில் படித்து நிரப்பும்படி ஒரு செயலி செய்ய வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். அதன் முதல் இரண்டு பக்கங்கள் தயாராக இருக்கின்றன.

மலர்ச் செயலி முடிந்ததுமே அப்பா, அம்மா மூலம் பார்வதி ஆன்டிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். "இப்ப வந்து என்ன?" என்று பதில் வந்தது. ஆன்டி அம்மாவிடம் பேசுவார். என்னிடம் பேசுவார். அப்பாவிடம் ஒன்பது ஆண்டுகளும் பேசவில்லை. அப்பா இதைப்பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துறைமுகத்தில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டாம் நாள் என்னிடம், "பூச்சோங்க ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்றேன். அதுவே என்னிடம் கடைசியாகப் பேசியது. வெள்ளிக்கிழமை பிற்பகல், ஐம்பத்தெட்டாம் வயதில், இறைவன் திருவடி அடைந்தார்.

பதினோராம் நாள் இம்மலரின் பெயர்களை ஏற்றி முடித்தேன். வாசிக்க அம்மா உட்கார்ந்தார். அப்பாவின் பெற்றோர் பெயர்களை வாசித்தார். அடுத்து "அன்பு மனைவி" என்று திரையில் வந்தது. அம்மாவால் அதற்குமேல் முடியவில்லை. அந்த நேரத்தில் பார்வதி ஆன்டி பருப்பும் கத்திரிக்காய்க் கூட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

"நகரு. மொதல்லேர்ந்து போடு."

முதலிலிருந்து வாசித்தார். "அன்பு மனைவி" வந்ததும் அம்மாவின் பெயரைப் படித்துவிட்டு, நாற்காலியில் திரும்பி, "இது நீதானே?" என்றார்.

"ஆமாக்கா."

"சத்தமா சொல்லு."

"ஆமாக்கா, நாந்தான்."

ஆன்டி 'ஆம்' என்பதை அழுத்தினார். மீதிப் பெயர்களையும் ஒன்று விடாமல் வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஒழுங்காத்தான் செஞ்சிருக்காரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கதைய இதுல எழுது. மறைக்காம எழுது. அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாரும் இதுக்கும் வருவாங்க" என்றார்.

ஆகவே இம்மலரைப் பெறும் அனைவருக்கும் தெரிவிப்பது: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அங்கிளின் மலரில் இருந்த பெயர், எங்கள் அப்பா மாற்றாமல் விட்ட வேறொரு குடும்பத்தின் பெயர். அங்கிளின் மனைவி பார்வதி ஒருவரே. தவறு முழுவதும் எங்களுடையது.

மருத்துவமனையில் உடனிருந்த அப்பாவின் லோரி நண்பர்களுக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர், தாதியர்க்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் உணவு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்த பிரிக்பீல்ட்ஸ் அண்ணனுக்கும், தூரம் பாராமல் வந்து கலந்துகொண்ட உங்கள் அனைவருக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம். கீழே உள்ள வரி நான் எழுதியதன்று. அப்பாவின் செயலி தானாகப் போட்டது.

பெயர்களை வாசித்துச் சரிபார்த்தவர்: பார்வதி, மூன்றாம் வீடு.