செம்பு பூசிய ஆணி

கத்திப் பிடிக்கு ஆணி போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு. எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில், கொல்லர் அடித்த கத்திகள் பிடி போட என்னிடம்தான் வரும். கத்தியின் வாலை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்துத் துளை போட்டு, ஆணியை நுழைத்து, இருபுறமும் முனையைத் தட்டிப் பரப்ப வேண்டும். பார்வைக்குச் சின்ன வேலைதான்.

தென்னையில் கள் இறக்குகிற ஒருவர் பாளை சீவும் கத்தியைக் கொண்டுவந்தார். "ஏனுங்ணா, செம்பு ஆணியே போடுங்க. கள்ளுப் புளிப்புக்கு இரும்பு தாங்காதுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை எனக்கே சொல்லித் தருவதா? செம்பை விட இரும்புக்குத்தானே வலு என்று நினைத்தேன். கையில் செம்புக் கம்பியும் இல்லை. பழைய சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி கிடந்தது. அதன் மேல்பூச்சை அரத்தால் தேய்த்தெடுத்து, பாக்குத் தோட்டத்துக்கு அடிக்க வாங்கிய, செம்புச் சத்துள்ள மயில்துத்தத்தைக் கரைத்து அதில் முக்கினேன். கம்பி செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. பெற்ற தாய்கூடச் செம்பென்றுதான் சொல்லியிருப்பாள்.

செம்பைத் தட்டினால் இளகித் துளையை நிறைத்துக்கொள்ளும். இது இளகவில்லை. ஓங்கித் தட்டினேன். மரத்துக்குள் மெல்லிய விரிசல் ஓடும் சத்தம் கேட்டது. மெழுகை வைத்து அடைத்தேன். மிச்சக் கம்பியை எங்கள் வீட்டு அடுக்களைக் கத்திக்கும் போட்டேன். மறுநாள் அவர் வந்து, சிவந்த ஆணித்தலையை விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷமாகக் கொண்டுபோனார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்குக் கூடவே ஒரு வாரம் கிடைத்தது. ஒரு காலையில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "ஏனுங்க, கத்தி ஆடுது, வந்து பாருங்க" என்றாள். ஆணித்துளையிலிருந்து துருத்தண்ணீர் கசிந்து மாங்காயெல்லாம் கறை. மாங்காய்க்கே இப்படியென்றால் கள்ளுக்கு?

சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் பறந்தேன். அவர் ஏற்கெனவே உச்சியில் இருந்தார். பாளையைத் தட்டும் சத்தம் டொக், டொக் என்று இறங்கி வந்தது. தட்டி முடித்தபின்தான் சீவுவார். கீழே அவர் மனைவி பானையோடு நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"கூப்புடாதீங்க. மரத்து மேல இருக்கறவங்களக் கூப்புட்டா கை தடுமாறிப் போயிருமுங்க."

அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவளிடமாவது விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது என்று உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

தட்டும் சத்தம் நின்றது.

முதலில் கத்திப் பிடியின் ஒரு மரத்துண்டு விழுந்தது. பிறகு மேலேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல். அதன் பின்னால் கத்தி வந்து வரப்பில் குத்தி நின்றது. பாளையைப் பிடித்திருந்த இடது கையில் வெட்டு. ஒற்றைக் கையால் அவர் எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, மரம் நெடுக ரத்தம். துண்டால் இறுக்கிக் கட்டினோம். அவர் மனைவி வண்டி கூப்பிட ஓடினாள். அந்த இடைவெளியில் நான் செய்தது, விழுந்த மரத்துண்டைத் தேடி எடுத்து, துருப்பிடித்த ஆணியோடு மடியில் செருகிக்கொண்டதுதான்.

இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. அவர் மரம் ஏறுவதை விட்டார்.

சில மாதங்கள் கழித்துத் தம்பியின் கத்தியோடு வந்தார். "இனி அவந்தானுங்க ஏறோணும். போன தடவ போட்ட அதே செம்பே இதுக்கும் போட்டுருங்ணா. உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க, பிடி கீழ விழுந்ததுலதான் ஒடஞ்சிருக்கும், என்ர கைதான் புத்தி கெட்டுப் போச்சு."

சுத்தச் செம்பு வாங்கி வைத்திருந்தேன், அதைப் போட்டேன். தட்டும்போது பிடி ஆடியது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த மடங்காத விரல்களால் பிடியை எனக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.