கடிதத்திலிருந்து உதிர்ந்த மணல்

மூன்று வருடங்களுக்கு முன்பு நியூ ஜெர்சியில் நடந்தது இது. கணவர் விசாவில் வந்திருந்த எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்துப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தேன். இங்கிலாந்தில் ஊர் ஊராக நிலம் வைத்திருந்த ஒரு பிரபுக் குடும்பத்தின் கடிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்தவை. அவற்றைப் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும்.

முதலில் ஒரு வரிகூடப் புரியவில்லை. கொடி படர்ந்த மாதிரி கையெழுத்து. போகப் போக அந்த வீட்டு எஜமானியம்மாளின் எழுத்து எனக்குப் பழகிவிட்டது. எந்தப் பண்ணையில் கூரை ஒழுகுகிறது, எந்தக் குடியானவர் மகளுக்குக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் எழுதுவார். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தோடு கடல் கடந்து போய், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். சேதி சொல்லி அதிகாரி எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

ஒரு மதியம், வேறொரு பெட்டியின் அடியில் மடித்தபடியே ஒரு தாள் கிடைத்தது. மேலே, எனக்குப் பழகிய அதே எழுத்தில் மகன் பெயர். மடிப்பு இறுகியிருந்ததால் அங்கே பொறுப்பிலிருந்த அமெரிக்கப் பெண்மணியைக் கூப்பிட்டேன். அவர் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து, பொறுமையாக மடிப்புகளை விடுவித்தார். தாள் விரிந்ததும் மேசைமேல் பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. தூசி என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அது மணல். இங்க் காயறதுக்காக அவங்க தூவினது" என்றார் ஆங்கிலத்தில், தணிந்த குரலில்.

மணலைத் தூவி, மை காய்ந்ததும் உதறிவிடுவார்களாம். இதில் உதறியது போக மடிப்புக்குள் தங்கிய மணல் அப்படியே இருந்தது. அந்த அம்மாள் மடித்து வைத்த பிறகு யாரும் இதைப் பிரிக்கவே இல்லை போலிருக்கிறது என்றார் அவர். என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். செம்பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். தெற்கு மூலையிலிருக்கும் ஓக் மரத்தை வெட்ட வேண்டுமாம், நீ வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மீதியை நாளை எழுதுகிறேன். அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தாள்.

தேதியைப் பார்த்துவிட்டு அதிகாரியின் கடிதத்தை எடுத்தோம். இந்த அம்மாள் மரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே மகன் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேதி கப்பலில் வந்துகொண்டிருந்திருக்கிறது. மீதியை எழுதுவதற்குள் அது வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

எழுதாதீங்கம்மா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு. அந்த ஒரு நாளாவது சந்தோஷமாக எழுதட்டும் என்றும் தோன்றியது. அந்தப் பெண்மணி சின்னத் தூரிகையால் மணலைக் கூட்டி ஒரு காகித உறையில் போட்டார்.

சாயங்காலம் காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓட்டியவர், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"எக்ஸிட்ட மிஸ் பண்ணிட்டேன்" என்றவர், அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பியபடி, "அந்த மணல என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"கவர்ல போட்டு லெட்டரோடயே வச்சுட்டாங்க."

"நல்லது" என்றார்.

ஒரு மகன் காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தைகள், அத்தனை காலம் கழித்து, அந்தக் குடும்பத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத என் வாயால்தான் முதன்முதலில் ஒலித்தன.