கோலசிலாங்கூரில் ஒரு மோட்டார் லைசென்ஸ்

கல்யாணமாகி நான்காவது மாதம் நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு கோலசிலாங்கூர் டவுனுக்குக் குடிவந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. லோரியில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டிய அவருடைய மோட்டார். மோட்டார் சைக்கிளை நாங்கள் மோட்டார் என்றுதான் சொல்வோம்.

நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் வெட்டுவது என்போம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றால், கண்காணி மண்டோர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். டவுனில் என்னைக் கூப்பிட ஆளில்லை. பழக்கத்தில் நான்கரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். கூட்டின வீட்டையே மறுபடியும் கூட்டுவேன். கடைத்தெருவுக்குப் போனால் கருவாட்டு வாசனையும் ஆற்றுக்காற்றும் கலந்து வரும், ஆனால் பேச்சு மட்டும் வராது. மளிகைக் கடை முஸ்லிம் பாய் ஒருவர்தான் தமிழில், “என்ன தங்கச்சி, வீடு பழகிருச்சா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே உப்பு தீராமலிருந்தும் உப்பு வாங்கியிருக்கிறேன்.

ஈஜோக் போகும் சாலையில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். தைத்துக் காட்டியதும் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு மாதத்துக்குள் வந்து சேரலாம் என்றார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

வீட்டு வாசலில் மோட்டார் சும்மா நின்றது. கணவரின் அலுவலகம் நடக்கிற தூரம்தான்.

“நான் ஓட்டவா?” என்று கேட்டேன்.

அவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். “ஓட்டேன் லா. சீனப் பொம்பளைங்க எல்லாம் ஓட்டலயா?” என்றார்.

மெலாவத்தி குன்றைச் சுற்றிப் போகும் பாதையில் சாயங்காலம், ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டும் எல் அட்டையோடு பழகினேன். சேலையை விட்டுவிட்டு, அவருடைய பழைய கால்சட்டையை, எங்கள் பேச்சில் சிலுவாரை, கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். குரங்குகள் குன்றின் மேலிருந்த பழைய கோட்டைப் பீரங்கி மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. முதல் நாள் புதருக்குள் போனேன், இரண்டாம் நாள் கால்வாய்க்குள். மூன்றாம் நாள் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து நின்றபோது இறங்க மனம் வரவில்லை.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அக்கா என்பதற்கு மலாயில் காக். அவளும் என்னைக் காக் என்றாள், நானும் அவளைக் காக் என்றேன். யார் மூத்தவள் என்று இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. தனக்கும் அந்தத் தொழிற்சாலையில் வேலை வேண்டும், தானும் லைசென்ஸ் சோதனைக்கு வருவதாகச் சொன்னாள். அவளையும் தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள். தன் அண்ணனுடைய மோட்டாரில் அவளும் பழகினாள்.

சோதனை கிள்ளானில். இருவரும் பஸ்ஸில் ஒன்றாகப் போனோம். திடலில் எட்டுப் போட்டேன், குறுகலான பலகை மேல் விழாமல் ஓட்டினேன். அப்புறம் ஓர் அதிகாரி மேசைக்கு அழைத்துச் சாலைச் சட்டம் கேட்டார். எல்லாம் மலாயில். ஒரு படத்தைக் காட்டி, “டிலாராங் மெமோத்தோங். அப்படியென்றால் என்ன?” என்றார்.

டிலாராங் என்றால் கூடாது. அது தோட்டத்துப் பலகைகளில் பார்த்தது. மெமோத்தோங்கில் இருக்கும் போத்தோங் என்றால் வெட்டுவது. மரம் வெட்டுவதற்கு நாங்கள் தினமும் சொல்லும் சொல். நான் தைரியமாக, “இங்கே பால்மரம் வெட்டக் கூடாது, துவான்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முந்திச் செல்லக் கூடாது என்பதுதான் அதன் பொருளாம். நான் தோற்றேன்.

வெளியே வந்தால் என் தோழி முழங்காலில் மண்ணோடு நிற்கிறாள். சட்டக் கேள்வி அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னவள், பலகையிலிருந்து விழுந்துவிட்டாள். நான் சொன்ன பதிலை அவளிடம் சொன்னதும் பஸ் நிறுத்தத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். தோற்றுவிட்டு அப்படிச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம் மதியத்தில் அவள் வீட்டுச் சமையலறையில் சட்டப் புத்தகம், சாயங்காலம் குன்றடியில் பலகை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் மிச்ச வெங்காயம் எனக்கு. பலகையில் அவளுக்குப் பார்வை சக்கரத்துக்குப் போய்விடும். “கீழே பார்க்காதே காக், அந்த மரத்தைப் பார், மரத்தைப் பார்!” என்று நான் கத்துவேன். அந்த ஒரு மாதத்தில் என் மலாய் டவுன் மலாயாகிவிட்டது. மீன் கடையில் பேரம் பேச ஆரம்பித்தேன். தபால் நிலையத்தில் முன்னால் நுழைந்த ஆளை வரிசைக்குப் பின்னால் அனுப்பினேன்.

இரண்டாம் முறை அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். வேறு படம் எதையும் தொடாமல் அதே படத்தை எடுத்தார்.

“முந்திச் செல்லக் கூடாது துவான். வளைவிலும் கூடாது, மேட்டிலும் கூடாது, இரட்டைக் கோடு இருந்தாலும் கூடாது” என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“பால்மரம்?” என்றார்.

“அது வெட்டலாம் துவான். எல் அட்டை வேண்டாம்.”

பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். முத்திரை விழுந்தது. திடலில் என் தோழி தூரத்து மரத்தை முறைத்தபடி பலகையைக் கடந்து கொண்டிருந்தாள். அவள் முன்சக்கரம் தரையைத் தொட்டதும் நான் போட்ட கூச்சலில் திடலே திரும்பிப் பார்த்தது.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு இருபது நிமிடம் முன்பே தொழிற்சாலை வாசலில் இரண்டு மோட்டார் நின்றன.

அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு நான்தான் ஓட்டிப் போனேன். கணவர் பலகாரத் தூக்கோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். செம்மண் பாதையில், வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்ததும் குழாயடியில் நின்ற பெண்கள் வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார். மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், சக்கரத்து மண்ணைக் குச்சியால் சுரண்டினார். உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“கோயிலுக்குப் போவணும். கொண்டு போய் விடுறியா?”

கோயில் கூப்பிடு தூரம். குறுக்கு வழி இருந்தும் அப்பா சுற்றுவழியையே காட்டினார். ஆபீஸ் வழியாக, கணக்கெழுதும் கிராணி வீட்டு வழியாக, கடை வழியாக. எதிரே சைக்கிளில் வந்த மண்டோரிடம், “எம் மவ ஓட்டுறா, ஓரமா போங்க!” என்று என் காதருகே கத்தினார். கோயில் வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

“சாமி எங்கயும் போயிராது. இன்னொரு சுத்து போவமா?” என்றார்.