உழுது காட்டிய வழக்கு

அண்ணியின் கறுப்புக் கோட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அதன் கீழ் ஓரத்தில் சேறு தெறித்துக் காய்ந்து, புள்ளி புள்ளியாக வெளுத்திருக்கும். சலவைக்குப் போடட்டுமா என்று கேட்டால், “இருக்கட்டும் விடு, ஜெயிச்ச சேறு” என்பார். மற்ற வக்கீல்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் கோர்ட்டுக்கு நடந்தபோது, எங்கள் அண்ணி மட்டும் வயலைக் கோட்டில் கொண்டுபோனார். அண்ணனுக்கு அது வெட்கக்கேடு. எனக்கோ சொல்லி மாளாத பெருமை. அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில் அப்போது பெண் வக்கீல் என்றால் அண்ணி ஒருவர்தான். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையும் என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அண்ணனைத்தான் எலியாக்கி வைத்திருந்தோம். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் அவருக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா. கடைத்தெருவில் கரை வேட்டிகளும் வயல் பக்கம் செங்கொடிகளும் நிறைந்திருந்த காலம் அது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்ற முடியாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ சொந்த உடலுழைப்பால் சாகுபடி செய்பவராக இருக்க வேண்டும். கேட்க நியாயமான நிபந்தனைதான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வாய்க்கால்கரை அக்கா என்று நாங்கள் கூப்பிட்ட பெண்ணின் வழக்கில்தான் அந்த நிபந்தனையின் பல் தெரிந்தது. கணவர் இறந்துபோக, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு குத்தகை நிலத்தில் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மிராசுதார் ஆட்சேபித்தார். தாசில்தார் முன்னால் விசாரணை. மிராசுதாரின் வக்கீல், தும்பைப்பூ வேட்டியும் வெற்றிலைச் சிவப்புமாக ஒரு பெரியவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏம்மா, நீ ஏர் புடிச்சிருக்கியா?”

“ஐயய்யோ, பொம்பள ஏரத் தொடக்கூடாதுங்களே. தொட்டா மழ தண்ணி இருக்காதுன்னு சொல்லுவாங்க.”

வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார். உழுததே இல்லாதவள் எப்படிச் சாகுபடி செய்கிறவள் ஆவாள்? விசாரணைக்கு வந்திருந்த ஆண்கள் எல்லோரும் நியாயந்தான் என்பதுபோல் தலையாட்டினார்கள். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. “தொடாதேன்னு சொல்றதும் நீங்க, தொடலன்னு நிலத்தப் புடுங்குறதும் நீங்களா?” என்று கேட்டார். தாசில்தார் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். சட்டத்தில் உள்ளதைத்தானே பார்க்க வேண்டும் என்றார். அண்ணி யோசிக்காமல், “அப்ப நேர்ல வந்து பாருங்க சார், உழுது காட்டுறோம்” என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் வந்தது வினை. அக்கா சம்மதிக்கவே இல்லை. மழை தவறினால் ஊர் தன்னைத்தான் ஏசும் என்று பயந்தார். நிலம் உழைப்பவருக்கே என்று மேடைதோறும் முழங்கிய விவசாயச் சங்கத்துக்காரரும் வந்து, “எல்லாஞ் சரிதாம்மா, ஆனா ஏரு மட்டும் வேணாமே” என்று இழுத்தார். புரட்சி ஏர்க்காலுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. கடைசியில் அக்காவின் தம்பி தன் மாடுகளைக் கொண்டுவந்தான். வெயில் தாழ்ந்த நேரங்களில் ஒதுக்குப்புறமான கொல்லையில் அக்கா மேழி பிடித்துப் பழகினார். அண்ணி வரப்பில் நின்று தைரியம் சொன்னார். நான் அக்காவின் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

ஆற்றில் தண்ணீர் வந்து வயலெல்லாம் சேற்றுழவு நடந்த சமயம் தாசில்தார் வந்தார். குடை பிடித்த தலையாரி, கர்ணம், மிராசுதாரின் ஆட்கள் என்று வரப்பு நெடுகக் கூட்டம். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி தூரம் போனதும் மாடு நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அண்ணி செருப்பை உதறிவிட்டுக் கோட்டோடு சேற்றில் இறங்கி, மாட்டை முன்னால் நின்று அழைத்துக்கொண்டே நடந்தார். உழவுச் சால் கோணல்மாணலாகத்தான் போனது. என்றாலும் அக்கா முழுச் சுற்றும் சுற்றிவிட்டார். “போதும்மா, ஏறி வாங்க” என்றார் தாசில்தார். அந்த வாரமே பெயர் பதிவாகிவிட்டது. அந்த ஐப்பசியில் அடித்த மழையில், பெண் தொட்டால் மழை வராது என்று சொன்னவர்களின் வீட்டு வாசலில்தான் முழங்கால் தண்ணீர் நின்றது. நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை.

அடுத்த போகம் முடிவதற்குள் இன்னொரு அம்மா வந்தார். தோப்புத்தெருவிலிருந்து வந்தவர், அதே மாதிரி விதவை, அதே மாதிரி வழக்கு. ஆனால் வயது அதிகம். காலமெல்லாம் குனிந்து நாற்று நட்டதில் முதுகு வளைந்து, பேசுவதற்கே தலையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பில் அதே வெற்றிலை வக்கீல். இந்தத் தடவை அவர் வழக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சிரித்த முகத்தோடு எழுந்து, பெண்ணால் உழ முடியாது என்று தாம் சொல்லவில்லை, முடியும் என்று எதிர்த்தரப்பு வக்கீலம்மாவே சேற்றில் இறங்கி நிரூபித்திருக்கிறார், ஆணும் பெண்ணும் சமம்தானே, அதே அளவால் இந்தம்மாவையும் அளந்து பாருங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். தாசில்தாரால் மறுக்க முடியவில்லை. மனு தள்ளுபடியானது.

வாசலில் அந்த அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நானும் ஓட்டிக் காட்டணுமாம்மா? மாடு புடிச்சுக் குடுங்க. விழுந்தாலும் பரவால்ல, ஓட்டிப் பாக்குறேன்.”

அண்ணி அவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இரவு நான் பாய் விரிக்க வந்தபோது, “ஆம்பள செய்யறதுதான் வேலைன்னு அவங்க சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. அதையே பொம்பளையும் செய்வான்னு சொன்னேன். அளவுகோல நானே தூக்கி அவங்க கையில குடுத்துட்டேன்டி” என்றார். எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. நாம் ஜெயித்ததில் என்ன குற்றம் என்று வாதாடினேன். பிறகு சிறுகச் சிறுகப் புரிந்தது. நாற்றை நடுவது, களை பறிப்பது, அறுப்பது, தூற்றுவது என்று எங்கள் பக்கத்து விவசாயத்தில் பெரும்பாதி பெண்கள் கையில்தான் நடக்கிறது. அதில் எதையும் நாங்கள் உழைப்பு என்று எழுந்து நின்று சொல்லவில்லை. சமம் என்ற சொல் இத்தனை வசதியாக ஒரு கிழவியின் நிலத்தைப் பறிக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மேல்முறையீட்டுக்குப் போனோம். அங்கே பெரிய முட்டுக்கட்டை எங்கள் பழைய வெற்றிதான். உழவு தேவையில்லை என்று அண்ணி வாதாட, அப்படியானால் முன்பு ஏன் உழுது காட்டினீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் வாய்க்கால்கரை அக்கா ஒருவர்தான். அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவே அண்ணி கூசினார். அன்றைக்குப் பிறகு ஏரைத் தொடவில்லை என்ற உண்மையைச் சொன்னால் அக்காவின் சொந்த நிலமே போய்விடலாம். அதை ஒளிக்காமல் அவரிடமே சொன்னோம். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, “என்னைக்குன்னு சொல்லுங்க, வந்துர்றேன்” என்றார்.

விசாரணையன்று கூண்டில் ஏறி அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“அன்னைக்கு ஒரு நாளுதாங்க ஏரு புடிச்சேன், இவங்க பாக்குறதுக்காக. அப்புறம் தொட்டதே இல்ல. ஆளு வச்சுத்தான் உழுவுறேன். நடவு, கள, அறுப்பு எல்லாம் நாந்தான். எங்க வூட்டுக்காரருக்கு இளப்பு நோவு, நாலு அடி நடந்தா மூச்சு வாங்கும். கடைசி வரைக்கும் அவரும் ஏரத் தொடலிங்க. அவர யாரும் உழுது காட்டச் சொல்லல. அவரு பேருதான் குத்தகையில இருந்துச்சு.”

எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்து, அக்கா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரமே அக்காவின் பதிவை ரத்து செய்யச் சொல்லி மனு வந்துவிட்டது. தீர்ப்பு வரும்வரை அண்ணிக்கு உறக்கமில்லை. கடைசியில் வந்தது. நடவும் களையும் அறுப்பும் உடலுழைப்பே, ஏர் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்கள். தோப்புத்தெரு அம்மாவின் பெயர் பதிவானது. ரத்து மனுவும் நிற்கவில்லை. சேறு படிந்த கோட்டை அண்ணி அன்றைக்குத்தான் சலவைக்குப் போட்டார்.

இப்போது அந்த வயல்களில் டிராக்டர் ஓடுகிறது. ஆண்களிலும் ஏர் பிடிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரப்பில் நின்று டிராக்டர்காரருக்குப் போன் பண்ணும் ஆளை யாரும் நீ விவசாயியா என்று கேட்பதில்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் அவர் மனைவியை மட்டும், காலில் சேறு காயாமல் நிற்கும்போதே, வீட்டில் இருப்பவர் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அண்ணி இருந்தால் விட்டிருக்கமாட்டார்.

அண்ணியை நினைக்கும்போது எனக்குத் தீர்ப்பைவிடச் சாட்சி சொன்ன அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் நின்றதுதான் முதலில் ஞாபகம் வரும். தீர்ப்பு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத நேரம். தோப்புத்தெரு அம்மா ஒரு பக்கம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி தயங்கித் தயங்கி அக்காவிடம், “ஒங்க நிலமும் போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

அக்கா அந்த அம்மாவுக்கு வாங்கிவந்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “போனா என்னங்க, நானும் இந்தம்மாவும் சேந்து ஊராரு வயல்ல கூலிக்கு நட்டுட்டுப் போறோம். அவங்க நிலத்த வுட்டுட்டு நான் மட்டும் தனியா என் வயல்ல எறங்கி நிக்க முடியுமா?”