பட்டியலில் இல்லாத ராஜப்பா

வடாற்காட்டிலிருந்து ராஜப்பா தங்க வயலுக்கு வந்த அன்று மேஸ்திரி அவனிடம் பேர் கேட்கவில்லை. முனியப்பன் என்றொருவன் காய்ச்சலுக்குப் பயந்து ஊருக்கு ஓடியிருந்தான். வேலையாள் அடையாளமான அவனுடைய பித்தளை வில்லையை இவன் கையில் திணித்து, "முனியப்பன்னு கூப்டா இருக்கேன்னு சொல்லு" என்றார். ஓடியவனின் வில்லையோடு புதிதாய் வந்தவன் சுரங்கத்தில் இறங்குவது அங்கே வழக்கம். யாரும் அதைப் பொய்யாக நினைக்கவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. எட்டு ஆண்கள் படுக்கும் தகரக் கொட்டகையில் மனைவி கங்கம்மாவை எங்கே வைப்பது? பூதிகோட்டைப் பக்கம் கொஞ்சம் புறம்போக்கு கிடந்தது. அது மைசூர்ப் பிரஜைக்குத்தான் கிடைக்கும். ஏழு வருஷம் இங்கே உழைத்ததைக் காட்டினால் பிரஜையாக எழுதிக்கொள்வார்கள் என்றார்கள். ராஜப்பா மனு போட்டான். பதினான்கு மாதம் பதிலில்லை. இரண்டாவது மனு தொலைந்துவிட்டதாம். மூன்றாவதற்குப் பதில் கேட்க, ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டுத் தாலுகா கச்சேரிக்கு நடந்தான்.

குமாஸ்தா அவனை வாசலிலேயே நிறுத்தி, வந்திருந்த பதிலைப் படித்தார்: "ராஜப்பா என்று எவனும் சுரங்கத்தில் வேலை செய்ததில்லை."

"நான்தான் சாமி, இங்க நிக்கிறேனே!"

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. பட்டியலுக்குத் தெரியணுமே? முனியப்பன்னே மனு போடு. ஒரே மாசத்துல முடியும்."

"கங்கம்மா?"

"முனியப்பன் பெண்டாட்டின்னு எழுதிட்டாப் போச்சு."

"நாளைக்கு நான் கீழ செத்தா நெலம் யாருக்கு சாமி?"

"முனியப்பன் வாரிசுக்கு."

ஓடிப்போனவன் ஒன்பது வருஷமாகப் பாறை உடைத்துக்கொண்டிருக்கிறான். உடைத்தவன் பிறக்கவே இல்லை. இப்படியொரு கணக்கை வெட்கமில்லாமல் முத்திரை குத்தி வைத்திருந்தது அந்தக் கச்சேரி.

மறுநாள் காலை மேஸ்திரி கூப்பிட்டார்: "முனியப்பன்!"

ராஜப்பா கேஜில் ஏறாமல் நின்றான்.

"டேய், காது அடைச்சிக்கினு போச்சா?"

"முனியப்பன் ஊருக்குப் பூட்டான் மேஸ்திரி. நான் ராஜப்பா. எழுதிக்கோங்க."

"பேருல இன்னாடா கீது? கூலி உன் கைக்குத்தானே வருது?"

ஆட்களைக் கீழே இறக்கும் அந்தக் கேஜுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. கொட்டகைக்காரர்களில் இரண்டு பேர் மட்டும் சிரிக்காமல், தங்கள் வில்லைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேஜ் அவனை விட்டுவிட்டு இறங்கியது.

தன் பேர் ஒரு நாள் பட்டியலில் ஏறினால்தான் அந்த ஏழு வருஷக் கணக்கே ஆரம்பிக்கும். அதற்காக அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். நான்காம் நாள் பட்டியல் முழுக்கப் படித்து முடித்தார்கள். தனியாக ஒதுங்கி நின்றவன், கூப்பிடாத பேருக்குப் பதில் சொன்னான்:

"ராஜப்பா, இருக்கேன்."