சோடாபுட்டிக்கு ஒரு வசனம்

சினிமாப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் நாலே ரகம்தான்: கதாநாயகன் கூட்டம், அலட்டல் அழகிகள், தின்னிப் பையன், சோடாபுட்டி. ஐந்தாவதாக ஒன்றை யோசித்த இயக்குநரை, துணை நடிகர்களுக்கு யூனிஃபார்ம் மாட்டிவிடும் நான் இன்னும் பார்க்கவில்லை.

என் தங்கை சோடாபுட்டி. முப்பதை நெருங்கியும் இரட்டைப் பின்னலோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாகவே பார்வை மட்டு. ஆனால் லென்ஸில் விளக்கு பளிச்சென்று அடிக்கும் என்று, ஷாட்டுக்கு மட்டும் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் ஃப்ரேமை மாட்டிவிடுவோம். அறிவாளிக்கு நாங்கள் செய்யும் மரியாதை அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரே குறை. "ஒரு படத்துலயாவது வாயத் தொறந்து பேச மாட்டியாடி?"

கடைசியில் ஒரு வசனம் கிடைத்தது. கேன்டீனில் கதாநாயகனிடம் போய், "உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். வீட்டில் அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினாள்.

ஷாட்டில் விறுவிறுவென்று நடந்தாள். மங்கலாகத் தெரிந்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றின் முன் நின்று உருகி உருகிச் சொன்னாள். சொன்னது கதாநாயகனிடம் இல்லை, 'பன்' என்று நாங்கள் கூப்பிடும் நடிகரிடம். தின்னிப் பையனாகவே காலம் தள்ளுகிறவர். கையில் எப்போதும் ஒரு பன் கொடுத்துவிடுவதால் அந்தப் பெயர். எந்தப் படத்திலும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேமராவை மறந்து, "நெஜமாவாங்க?" என்று கேட்டுவிட்டார்.

இயக்குநர் தாம்தூம் என்று குதித்தார். பன் எழுந்து நின்றார். "நான்தான் சார் இடம் மாறி உக்காந்துட்டேன்." பச்சைப் பொய்.

"வெளிய போய்யா!"

தங்கை சும்மா இருந்தால் அடுத்த டேக் அவளுடையது. பேசாதேடி என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"அவர் மேல தப்பில்ல சார். இந்த ஃப்ரேம்ல எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பன் தப்பித்தார்; வசனம் வேறொரு பெண்ணுக்குப் போனது. இவளைப் பின்மேசையில், பன்னுக்கு எதிரே உட்காரவைத்தார்கள்.

படம் வந்ததும் அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். அந்தக் காட்சியில் கேன்டீனே அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. பின்மேசையில் இரண்டு பேர் மட்டும் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றபடி, தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பேசுறாடி!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"