அருவிக்கு அடியில் மூச்சு

தென்காசி ரயில் நிலையத்துக்கு வெளியே எனக்கு வேலை. குற்றாலம் போகிற பயணிகளைப் பிடித்து எங்கள் முதலாளியின் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பிடித்து என்றால் பிடித்துத்தான். சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் பிறந்துவிட்டால், ரயிலிலிருந்து இறங்கும் ஆளை இரண்டு கம்பெனி ஏஜெண்டுகளும் ஆளுக்கொரு கையாக இழுப்போம். முதலில் அவர் சட்டை கிழியும். அப்புறம் எங்கள் சட்டை கிழியும். எனக்கோ இளவயது, மூக்குக்கு மேல் கோபம். அந்த வருஷம் பஸ் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலால் எதிர்க் கம்பெனி ஏஜெண்டின் முழங்கையை உடைத்துவிட்டேன். அவனும் யோக்கியன் இல்லை.

என் மனைவி அன்று அழவில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ கைய ஓங்குனியள்னா இலத்தூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அவள் அண்ணன்மார் இருவருக்கும் வேறு வைத்தியம் தோன்றியது. சித்தம் கலங்கினவர்களைத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்து அருவியில் பிடித்து நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் பைத்தியம்தான் என்று முடிவு கட்டி, இரண்டு கையையும் முறுக்கிப் பேரருவிக்குள் தள்ளினார்கள். தண்ணீரா அது? மண்டையில் உலக்கை போட்டது. அவர்களை வைய வாயைத் திறந்தேன். ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போயிற்று. செத்தேன் என்றே நினைத்தேன்.

"வைதா செத்துருவீரு மாப்ளே! நாடிய நெஞ்சுல ஒட்டிக்கிட்டு மூக்கால மூச்சு விடும்!" என்று மூத்தவர் காதருகே கத்தினார்.

குனிந்தேன். முகவாயை நெஞ்சில் ஒட்டியதும் நாடிக்கு அடியில் கொஞ்சம் காற்று இருந்தது. இழுத்தேன், விட்டேன். அந்த முழங்கைக்காரனை நினைத்த உடனே மூச்சு தப்பி மூக்கில் தண்ணீர் ஏறியது. அவனை விட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனித்தேன். மைத்துனர்கள் எப்போது கையை விட்டார்கள் என்றே தெரியாது.

அதற்குப் பிறகு, சாப்பிடக்கூட நேரமில்லாத சீசனில், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே பஸ் படியில் அதே மாதிரி குனிந்து உட்கார்ந்து மூச்சைப் பார்த்தேன். "ஏலே, சாமியார் தூங்குதாரு, எழுப்பிராத!" என்று டிரைவர் கிளீனரிடம் சொல்லிச் சிரிப்பார். பாதி நாள் மூச்சோடு கோபமும்தான் வந்து போயிற்று. இருந்தாலும் விடவில்லை.

முழங்கை கூடினதும் எதிர்க் கம்பெனிக்காரன் வந்தான். எடுத்த எடுப்பில் என் வாயில் ஒரு குத்து. முன்பல் பெயர்ந்து நாக்கில் விழுந்தது. இரும்பு ஹேண்டில் என் காலடியில் கிடந்தது. நான் குனிந்தேன். அதை எடுக்கத்தான் குனிகிறேன் என்று கூட்டம் சிதறியது. என் நாடி நெஞ்சில் பட்டது. ரத்தத்தோடு மூச்சு போவதையும் வருவதையும் பார்த்தபடியே நின்றேன். மேலும் குத்து விழுந்தது. கையை ஓங்கவில்லை.

அடிதடி என்ற சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி பிள்ளையும் துணிமூட்டையுமாக வாசலில் நின்றாள். "சட்டையில யாரு ரத்தம்?" என்று கேட்டாள். வாயைத் திறந்து காட்டினேன்.

"நீங்க அடிக்கலையா?"

"இல்ல."

"அந்தப் படுபாவி பல்ல ஒடைக்குத வரைக்கும் சும்மாவா நின்னிய? அவன் மத்த கையவும் ஒடிச்சுட்டு வரக்கூடாதா?" என்று அழுதாள். அழுதுகொண்டே மூட்டையை அவிழ்த்து, என் வாயைத் துடைக்கத் துணி தேடினாள்.